சிகாகோ வார்டு தேர்தல்: பிப்ரவரி குளிரில் போடும் ஓட்டுக்கு என்ன மதிப்பு?

கேள்வி கேட்டவர் சிகாகோவில் இந்தியக் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். குடியுரிமை கிடைத்து, 2024 நவம்பரில் அதிபர் தேர்தலில் முதல் ஓட்டைப் போட்டிருக்கிறார். 2027 பிப்ரவரி 23-ஆம் தேதி நகரமன்றத் தேர்தல் என்று கேள்விப்பட்டு இப்படிக் கேட்கிறார்: "உறைகிற குளிரில் அதற்கும் போக வேண்டுமா? ஒரு வார்டு உறுப்பினரால் அப்படி என்ன செய்துவிட முடியும்? என் மனைவிக்கு இன்னும் கிரீன் கார்டுதான். அவரால் இதில் ஏதாவது செய்ய முடியுமா?"

கட்டாயம் போங்கள். நவம்பரில் நீங்கள் போட்ட ஓட்டைவிட பிப்ரவரியில் போடப்போகும் ஓட்டுக்கு எடை அதிகம். அதிபர் தேர்தலில் சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலம் 1992-லிருந்து ஜனநாயகக் கட்சியின் பக்கம்தான் நிற்கிறது. உங்கள் ஒரு ஓட்டு அங்கே கணக்கை மாற்றப்போவதில்லை. வார்டு தேர்தல் அப்படி இல்லை. 2019 ஏப்ரலில் 33-வது வார்டில் என்ன நடந்தது தெரியுமா? ரிச்சர்ட் மெல் என்பவர் 1975-லிருந்து 38 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தார். 2013-ல் அவர் விலகியபோது மேயர் ராம் இமானுவேல் அவருடைய மகள் டெப் மெல்லையே அந்த இடத்தில் நியமித்தார். ஆக, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தைத் தோற்கடித்தவர் ரொஸானா ரொட்ரிகஸ் சான்செஸ். வித்தியாசம் 13 ஓட்டு. அஞ்சலில் வந்த ஓட்டுகளை எண்ணி முடிக்கும் வரை யார் ஜெயித்தார் என்று யாருக்கும் தெரியாது. அதே நாளில் 46-வது வார்டில் 25 ஓட்டில் முடிவு வந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு மாடிக்காரர்கள் சேர்ந்து போயிருந்தால் இந்த இரண்டு முடிவுகளும் மாறியிருக்கும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் 50 வார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆல்டர்மேன். 2021-ல் மாநிலச் சட்டம் அந்தப் பெயரை ஆல்டர்பெர்சன் என்று மாற்றியது, ஆனால் தெருவில் பேசும்போது பழைய பெயர்தான் வருகிறது. நமக்குப் பழக்கமான சொல்லில் கவுன்சிலர் என்றே வைத்துக்கொள்ளலாம். நகர மக்கள்தொகை 27 லட்சத்துக்கு மேல், எனவே ஒரு வார்டுக்குச் சுமார் 55,000 பேர். லாஸ் ஏஞ்சலிஸில் கிட்டத்தட்ட 39 லட்சம் பேருக்கு வெறும் 15 உறுப்பினர்கள். நியூயார்க்கில் 88 லட்சம் பேருக்கு 51 பேர். சிகாகோவில்தான் உறுப்பினர் உங்கள் தெருவைப் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருக்கும் அளவுக்குத் தொகுதி சிறியது.

தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேருக்கிடையே ஏப்ரலில் இரண்டாம் சுற்று. 2023-ல் 14 வார்டுகள் இரண்டாம் சுற்றுக்குப் போயின. அந்த பிப்ரவரியில் ஓட்டுப் போட வந்தவர்கள் பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். வராத ஒவ்வொருவருடைய எடையும் வருகிறவர் கையில் போய்ச் சேர்கிறது.

சரி, ஜெயித்தவரால் என்ன செய்ய முடியும்? ஏட்டளவில் சிகாகோவில் நகரமன்றம்தான் பலம், மேயர் பலம் குறைந்தவர். நடைமுறையில் பல ஆண்டுகள் நேர் எதிராக இருந்தது. ஆனால் வார்டு எல்லைக்குள் கவுன்சிலரின் சொல்லுக்கு எப்போதும் பலம் இருந்திருக்கிறது. ஒரு வார்டு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த வார்டு கவுன்சிலர் வேண்டாம் என்றால் மற்ற 49 பேரும் அதை ஏற்றுக்கொள்வார்கள். இதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை, வெறும் வழக்கம்தான். காலி மனையில் மூன்று மாடி கட்டலாமா ஐந்து மாடி கட்டலாமா என்கிற நிலப்பயன்பாட்டு மாற்றம், உணவகத்துக்கு வெளியே மேசை போடுவது, நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கடைப் பெயர்ப்பலகை எல்லாம் இந்த வழக்கத்துக்குள் வந்தன. மேயர் லோரி லைட்ஃபுட் 2019 மே மாதம் பதவியேற்ற முதல் நாளே, நகரத் துறைகள் தரும் அனுமதிகளில் இந்த வழக்கத்துக்கு இடமில்லை என்று ஆணை போட்டார். ஆனாலும் நிலப்பயன்பாட்டில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

டெவான் பக்கம் இருக்கிறீர்கள் என்பதால் உங்கள் 50-வது வார்டு கதை ஒன்று. பெர்னார்ட் ஸ்டோன் அங்கே 1973-லிருந்து 2011 வரை கவுன்சிலர். ஹோவர்ட் தெருவுக்கு அந்தப் பக்கம் எவன்ஸ்டன் நகரம், இந்தப் பக்கம் சிகாகோ. எவன்ஸ்டன் பக்கம் புதிய கடைத்தொகுதி வந்தது. அதற்கு வரும் கார்கள் தன் வார்டுத் தெருக்களில் புகுந்துவிடும் என்று, 1993-ல் ஹோவர்ட் தெரு நடுவிலேயே சில பிளாக் நீளத்துக்கு இரும்புத் தடுப்பு போடவைத்தார். பக்கத்து நகரம் வழக்குப் போட்டு, நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது போயிற்று. ஒரு வார்டு உறுப்பினர் நினைத்தால் இரண்டு நகரங்களுக்கு நடுவே வேலி போட முடிந்திருக்கிறது. 2011 ஏப்ரலில் இரண்டாம் சுற்றில் அவரைத் தோற்கடித்தவர் டெப்ரா சில்வர்ஸ்டீன்.

இந்த அதிகாரம் கெட்டுப்போகும் விதத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 14-வது வார்டில் எட்வர்ட் பர்க் 1969-லிருந்து 2023 வரை, 54 ஆண்டுகள் இருந்தார். நகரமன்ற நிதிக் குழுவுக்கும் நீண்டகாலம் தலைவர். தன் வார்டில் பர்கர் கிங் கடை ஒன்றைப் புதுப்பிக்க அதன் உரிமையாளர்கள் அனுமதி கேட்டு வந்தபோது, அவர்களுடைய சொத்துவரி வழக்குகளைத் தன் சட்ட நிறுவனத்துக்குத் தரவேண்டும் என்று நெருக்கினார் என்பது அவர்மீது வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2019 ஜனவரியில் குற்றச்சாட்டு வெளியானது. அடுத்த மாதமே தேர்தல். அதில் அவர் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். 2023 டிசம்பரில் 14 குற்றச்சாட்டுகளில் 13-ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்து, மறு ஆண்டு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. 1970-களிலிருந்து கணக்கெடுத்தால் தண்டிக்கப்பட்ட சிகாகோ கவுன்சிலர்கள் 30 பேருக்கு மேல். இதைக் கேட்டு நம்மவர்கள் பலர் "எல்லாரும் ஒரே மாதிரி, நமக்கெதற்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த ஒதுங்கல் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அனுமதிக்காகக் கவுன்சிலர் அலுவலக வாசலில் நிற்பவர்கள் சின்னக் கடைக்காரர்கள். டெவானில் அவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

இனி பணம். ஒவ்வொரு வார்டுக்கும் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர், சாலை, நடைபாதை, தெருவிளக்கு, வேகத்தடை போன்றவற்றுக்காக ஒதுக்கப்படுகிறது. நகரத் துறை ஒரு விலைப்பட்டியல் தரும், அதிலிருந்து எதை எங்கே செய்வது என்று கவுன்சிலர் தேர்ந்தெடுப்பார். அதனால் இதற்கு மெனு பணம் என்றே பெயர். உங்கள் பிளாக்கில் சாலை போன ஆண்டு போடப்பட்டதா, இன்னும் ஐந்து ஆண்டு குழியோடு கிடக்குமா என்பதில் அந்த ஒருவருடைய தேர்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை உங்கள் பக்கத்து வார்டில் நடந்தது. ரோஜர்ஸ் பார்க் இருக்கும் 49-வது வார்டில் ஜோ மூர் என்கிற கவுன்சிலர் 2009-ல் தன் மெனு பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று மக்களே கூடிப் பேசி ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார். பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரத்தில் தொடங்கிய முறை அது. அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அந்த ஓட்டுக்குக் குடியுரிமை தேவையில்லை. வார்டில் குடியிருந்தால் போதும், 16 வயதுப் பிள்ளைகளும் போடலாம். இந்தத் திட்டத்தின் முதல் ஆண்டில் வேலை செய்த குடியிருப்பாளர்களில் ஒருவர் மரியா ஹாடன். பத்து ஆண்டு கழித்து, 2019-ல், அவரே தேர்தலில் நின்று மூரைத் தோற்கடித்தார். நடைபாதைக்கும் விளக்குக்கும் கணக்குப் போட்ட கூட்டத்திலிருந்து ஒருவர் நகரமன்றத்துக்குப் போயிருக்கிறார்.

வார்டுக்கு வெளியே, நகரம் முழுவதற்குமான முடிவுகளிலும் இந்த 50 பேர் கைதூக்கவேண்டும். 2008 டிசம்பரில் மேயர் டேலி நகரத்தின் பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். விலை சுமார் 115 கோடி டாலர். அறிவித்த இரண்டே நாளில் நகரமன்றம் 40-க்கு 5 என்று நிறைவேற்றியது. நகரத்தின் கண்காணிப்பு அதிகாரி மறு ஆண்டு கணக்குப் பார்த்து, கிட்டத்தட்ட 100 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டார்கள் என்றார். இன்றைக்கும் நீங்கள் மீட்டரில் போடும் காசு அந்த நிறுவனத்துக்குத்தான் போகிறது. அன்றைக்கு எதிர்த்தவர்கள் ஐந்தே பேர். இன்னொரு பக்கம், 2024 நவம்பரில் மேயர் பிராண்டன் ஜான்சன் 30 கோடி டாலர் சொத்துவரி உயர்வு கேட்டபோது, 50-க்கு 0 என்று நகரமன்றம் தள்ளிவிட்டது. மேயர் யார் என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் நகரத்தைப் பாதிதான் பார்க்கிறோம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏழு வார்டுகள் ஒரு நகரத்தையே திருப்பியதும் உண்டு. 1983-ல் ஹரோல்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஆனார். ஆனால் நகரமன்றத்தில் எட்வர்ட் வர்டோலியாக் தலைமையில் 29 பேர் எதிரணி. மேயர் பக்கம் 21 பேர். மேயர் கொண்டுவந்த நியமனங்கள் கிடப்பில் கிடந்தன, தீர்மானங்கள் விழுந்தன. கவுன்சில் போர் என்று பத்திரிகைகள் எழுதின. எதிரணியில் அன்றே எட்வர்ட் பர்க்கும் முக்கியமானவர். இது எங்கே உடைந்தது? 1981-ல் வரைந்த வார்டு வரைபடம் கறுப்பின, லத்தீனோ வாக்காளர்களைப் பாதிக்கிறது என்று வழக்குப் போனது. கூட்டாட்சி நீதிமன்றம் ஏழு வார்டுகளில் மறுபடி தேர்தல் நடத்தச் சொன்னது. 1986 மார்ச்சில் தேர்தல், ஏப்ரலில் இரண்டாம் சுற்று. 26-வது வார்டில் லூயிஸ் குட்டியெரெஸ் ஜெயித்ததும் கணக்கு 25-க்கு 25 ஆனது. சமநிலையில் முடிவு ஓட்டு மேயருடையது. மூன்று ஆண்டு கட்டப்பட்டிருந்த கை அன்றைக்கு அவிழ்ந்தது. அதற்குப் பிறகு வாஷிங்டனுக்குக் கிடைத்த காலம் குறைவு. 1987 ஏப்ரலில் மறுபடி ஜெயித்தவர், சில மாதங்களிலேயே, அந்த நவம்பரில் இறந்துபோனார்.

அதனால் எல்லைக்கோட்டைக் கவனியுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் வரைபடத்தை மாற்றுகிறார்கள். வரைபவர்கள் கவுன்சிலர்களேதான். 41 பேர் சேர்ந்து ஒப்புக்கொண்டால் அதுவே வரைபடம். ஒப்புதல் வராவிட்டால் மக்கள் வாக்கெடுப்புக்குப் போகக்கூடும். 2020 கணக்கெடுப்பில் லத்தீனோ மக்கள் கறுப்பின மக்களைவிடச் சற்று அதிகம் என்று தெரிந்ததும், இரண்டு குழுக்களுக்கும் மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் 2022 மே மாதம் 43-க்கு 7 என்று புதிய வரைபடம் நிறைவேறியது. கறுப்பினப் பெரும்பான்மை வார்டுகள் 16, லத்தீனோ வார்டுகள் 14. அப்புறம் முதல்முறையாக ஆசியப் பெரும்பான்மையோடு ஒரு வார்டு, சைனாடவுனும் பிரிட்ஜ்போர்ட்டும் சேர்ந்த 11-வது வார்டு. தந்தையும் மகனும் மேயராக இருந்த டேலி குடும்பத்தின் சொந்த வார்டு அது. அங்கே 2022-ல் நிக்கோல் லீ நியமிக்கப்பட்டு, 2023-ல் இரண்டாம் சுற்றில் ஜெயித்தார். சைனாடவுன் மக்கள் தங்கள் பகுதி துண்டாகாமல் ஒரே வார்டில் இருக்கவேண்டும் என்று பல ஆண்டு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரில் முதலில் நகரமன்றத்துக்குப் போனவர் அமேயா பவார், 2011-ல், 47-வது வார்டிலிருந்து. இந்தியர்கள் திரளாக வாழும் வார்டு இல்லை அது. அவர் வீடுவீடாகப் போய் ஜெயித்தார். இரண்டு முறைக்கு மேல் நிற்கமாட்டேன் என்று சொன்னபடி 2019-ல் விலகவும் செய்தார்.

தேர்தல் நாளுக்கு முன்பே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேட்பாளராக வர வார்டு வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கவேண்டும். 2023 தேர்தலுக்குத் தேவைப்பட்டது 473. கேட்க எளிது. ஆனால் எதிராளிகள் ஒவ்வொரு கையெழுத்தையும் எடுத்துப் பார்த்து ஆட்சேபம் எழுப்புவார்கள். முகவரி வேறு வார்டு, பதிவில் பெயர் இல்லை, கையெழுத்து பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழியும். ஒபாமாவே 1996-ல் மாநில செனட்டுக்கு முதலில் நின்றபோது எதிராளிகளின் கையெழுத்துகளை இப்படி ஆட்சேபித்துப் போட்டியில்லாமல் ஆக்கிக்கொண்டவர். நான் ஒருமுறை ஒரு புது வேட்பாளருக்காக ரயில் நிலைய வாசலில் நின்று கையெழுத்து வாங்கினேன். மூன்று மாலையில் சேர்த்ததைச் சரிபார்த்தால் பாதிக்குக் கிட்டத்தட்ட உதவாது. கையெழுத்துப் போட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் போட்டார்கள், தங்கள் வீடு எந்த வார்டு என்று அவர்களுக்கே தெரியவில்லை. பின்பு வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போனோம். ஆள் ஒருவர் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் பேசிக் கையெழுத்துப் போட்டால், பிப்ரவரியில் அவர் ஓட்டுப் போடவும் வருகிறார் என்பதை அப்போதுதான் கண்கூடாகப் பார்த்தேன். போன முறை இந்தக் கையெழுத்துக் காலம் ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் இறுதி வரை இருந்தது. அந்த மாதங்களில் கதவு தட்டினால் திறந்து பேசுங்கள்.

குளிர் பற்றி: தேர்தல் நாளன்றே போகவேண்டும் என்பதில்லை. சுமார் இரண்டு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு வார்டிலும் முன்கூட்டி ஓட்டுப் போடும் இடம் திறந்திருக்கும். அஞ்சலில் வாக்குச்சீட்டு கேட்டும் வாங்கலாம், ஒருமுறை எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு தேர்தலுக்கும் தானாக வரும். வீடு மாறியிருந்தால் தேர்தல் நாளிலும் பதிவைத் திருத்திக்கொள்ள முடியும். இரண்டு அடையாளச் சான்றுகள் கொண்டுபோங்கள், அதில் ஒன்றில் இப்போதைய முகவரி இருக்கவேண்டும்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்டதற்குக் கொஞ்சம் கவனமாகவே பதில் சொல்லவேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் வார்டு தேர்தலில் ஓட்டுப் போடக் கூடாது, வாக்காளராகப் பதிவும் செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவு பற்றித் திரையில் கேட்டால் நிதானமாகப் படித்து வேண்டாம் என்று சொல்லட்டும். இல்லினாயில் தானியங்கிப் பதிவில் ஏற்பட்ட பிழையால் குடியுரிமை இல்லாத 500-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தேர்தல் அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டன என்று 2020-ல் வெளிவந்தது. தவறு இயந்திரத்துடையது என்றாலும் குடியேற்ற விவகாரத்தில் சிக்கல் பெயர் பதிவானவருக்குத்தான்.

அவர் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். எச்1பி விசாவில் இருப்பவர் தரக்கூடாது, கூட்டாட்சிச் சட்டம் உள்ளூர்த் தேர்தலுக்கும் அதைத் தடுக்கிறது. சம்பளமில்லாமல் தொண்டராகப் பிரச்சாரத்தில் வேலை செய்யலாம். பல வார்டுகளில் வாரத்தில் ஒரு மாலை, யார் வேண்டுமானாலும் வந்து கவுன்சிலரைப் பார்க்கலாம். அங்கே குடியுரிமை கேட்கமாட்டார்கள், எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள் சிகாகோ அரசுப் பள்ளியில் படித்தால் இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான பள்ளிகளுக்கு உள்ளூர்ப் பள்ளிக் குழு இருக்கிறது, பொதுவாக முதல்வரைத் தேர்ந்தெடுப்பதே அந்தக் குழுதான். 1989-லிருந்து நடக்கும் அந்தத் தேர்தலில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் சட்டப்படி ஓட்டுப் போடலாம். ஆனால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் ஓட்டுப் போட்டதுண்டா என்ற கேள்வி வரும் என்பதால், போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போதே செய்யவேண்டியது ஒன்று: உங்கள் முகவரியைத் தேர்தல் வாரியத் தளத்தில் போட்டு வார்டு எண்ணைப் பாருங்கள். டெவான் பக்கம் என்றதால் 50 என்று நான் எடுத்துக்கொண்டேன், ஆனால் 2022 வரைபடத்துக்குப் பிறகு பல இடங்களில் தெருவுக்கு எதிர்ப்பக்கமே வேறு வார்டாக இருக்கலாம். அப்புறம் இலையுதிர் காலத்தில் யாராவது கையெழுத்து கேட்டு வந்தால், போடுவதற்கு முன் அவருடைய வேட்பாளர் மெனு பணத்தை எப்படிப் பிரிப்பார் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், வேட்பாளரையே வாசலுக்கு வந்து சொல்லச் சொல்லுங்கள். 55,000 பேர் கொண்ட வார்டில் அவர் வருவார்.